எஞ்சினுக்கு முன் கட்டுப்பாடு: விமானத்தின் முன்னோடிகள் கண்டுபிடிப்பை எப்படிப் பார்த்தார்கள்?

1903 டிசம்பர் 17 அன்று அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், கிட்டி ஹாக் என்ற கடலோரச் சிற்றூருக்கு அருகிலுள்ள மணல்வெளியில், ஆர்வில் ரைட் 12 நொடிகள் பறந்தார் என்பதை நாம் பள்ளிப் பாடத்திலேயே படித்திருக்கிறோம். அன்று காலை அவர் கடந்த தொலைவு ஏறத்தாழ 36.5 மீட்டர் மட்டுமே. இன்றைய பெரிய பயணிகள் விமானங்களின் நீளமே இதைவிட அதிகம். இவ்வளவு குறுகிய பறத்தலுக்கு வரலாற்றில் ஏன் இத்தனை பெரிய இடம் என்று ஒரு வாசகர் கேட்டால், அது நியாயமான கேள்விதான். அதற்கு முன்பே எஞ்சினின் பலத்தால் தரையை விட்டு எழும்பிய இயந்திரங்கள் இருந்தன. பிரான்சில் கிளெமான் அதேர் என்ற பொறியாளர் 1890 அக்டோபர் 9 அன்று நீராவி எஞ்சின் பொருத்திய தமது இயந்திரத்தில் சுமார் 50 மீட்டர் தொலைவுக்குத் தரையை ஒட்டித் தாவினார். இங்கிலாந்தில், இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்துப் புகழ் பெற்றிருந்த ஹைரம் மாக்சிம், மூன்றரை டன் எடையுள்ள ராட்சத இயந்திரம் ஒன்றைத் தண்டவாளத்தின் மேல் ஓடவிட்டு, 1894-இல் அதைத் தரையிலிருந்து எழும்பவும் வைத்தார்.

ஆகவே தரையை விட்டு எழும்புவது மட்டும் பறத்தல் ஆகாது. எழும்பிய பிறகு காற்றில் நிலைத்திருக்க வேண்டும். விரும்பிய திசையில் திரும்ப வேண்டும். காற்று ஒரு பக்கம் சாய்த்தால் சமநிலைக்கு மீள வேண்டும். கிளம்பிய மட்டத்துக்குக் குறையாத மட்டத்தில் பத்திரமாக இறங்கவும் வேண்டும். அதேரும் மாக்சிமும் முதல் படியிலேயே நின்றுவிட்டார்கள். வில்பர் ரைட், ஆர்வில் ரைட் என்ற சகோதரர்கள் இருவரும் எல்லாப் படிகளையும் கடந்தார்கள். அவர்களிடம் கூடுதலான பணமோ, கல்லூரிப் பட்டமோ, அரசின் ஆதரவோ இருக்கவில்லை. பறத்தல் என்ற சிக்கலின் முடிச்சு எங்கே இருக்கிறது என்பதை அவர்கள் மற்றவர்களைவிடச் சரியாக அடையாளம் கண்டார்கள் என்பதே வேறுபாடு. அந்தப் பார்வையை எளிமையாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிக்கலைப் பிரித்த முதல் மனிதர்

பறவையைப் பார்த்துப் பறக்க விரும்பிய மனிதன், பல நூற்றாண்டுகள் பறவையைப் போலவே இறக்கையை அடிக்க முயன்றான். பறவையின் இறக்கை ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்கிறது: உடலை மேலே தாங்குகிறது, முன்னோக்கியும் தள்ளுகிறது. இந்த இரண்டையும் ஒரே உறுப்பால் செய்ய முயல்வதுதான் மனிதனைத் தோற்கடிக்கிறது என்பதைத் தெளிவாகக் கண்டவர் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரைச் சேர்ந்த ஜார்ஜ் கெய்லி. இறக்கையை அசையாமல் நிலையாகப் பொருத்திவிடலாம், முன்னோக்கித் தள்ளுவதற்கு வேறொரு கருவியை வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை அவர் 1799-இலேயே ஒரு சிறிய வெள்ளித் தகட்டில் பொறித்து வைத்தார். அந்தத் தகட்டின் ஒரு பக்கத்தில் இறக்கையின் மேல் செயல்படும் விசைகளும், மறு பக்கத்தில் நிலையான இறக்கையும் வாலும் கொண்ட ஊர்தியின் வரைபடமும் இருக்கின்றன.

நிலையான இறக்கை எப்படித் தாங்குகிறது என்பதை இவ்வளவு புரிந்துகொண்டால் போதும். சற்றே வளைந்த பரப்பொன்று முன்பக்கம் சிறிது உயர்ந்த நிலையில் வேகமாக நகரும்போது, அதைச் சுற்றிச் செல்லும் காற்று கீழ்நோக்கித் திருப்பப்படுகிறது. அதற்கு எதிர்வினையாக இறக்கை மேல்நோக்கித் தூக்கப்படுகிறது. இந்தத் தூக்கு விசை இறக்கையின் பரப்பளவு, அதன் வடிவம், காற்றைச் சந்திக்கும் கோணம் ஆகியவற்றைப் பொறுத்தது. வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். கூடவே பின்னோக்கி இழுக்கும் காற்றுத் தடையும் எழுகிறது. அந்தத் தடையை வென்று முன்னே செல்ல ஓர் உந்துவிசை வேண்டும். தூக்கு விசை, உந்துவிசை என்ற இரண்டையும் கெய்லி பிரித்துக் காட்டிய பிறகு, பறத்தல் கனவு என்ற நிலையிலிருந்து கணக்கிடக்கூடிய பொறியியல் சிக்கலாக மாறியது.

ஆனால் மூன்றாவதாக ஒரு கூறு இருந்தது. அதுதான் கட்டுப்பாடு. கெய்லி வாலையும் சுக்கானையும் பற்றி எழுதியவரே என்றாலும், அடுத்து வந்த பலர் கட்டுப்பாட்டை இறுதியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தார்கள்.

இரண்டு வழிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இத்துறையில் உழைத்தவர்களை அவர்களின் அணுகுமுறையை வைத்து இரண்டு பிரிவாகப் பார்க்கலாம். ஒரு பிரிவினர், போதிய பலமுள்ள எஞ்சின் கிடைத்துவிட்டால் மற்றவை தாமே சரியாகிவிடும் என்று நம்பினார்கள். மாக்சிமின் இயந்திரத்தில் தலா 180 குதிரைத்திறன் கொண்ட இரண்டு நீராவி எஞ்சின்கள் இருந்தன. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் என்ற அறிவியல் ஆய்வு நிறுவனத்தின் செயலாளராக இருந்த சாமுவேல் லாங்லி என்ற வானியலாளர், 1896 மே 6 அன்று ஆளில்லாத நீராவி மாதிரி ஒன்றைப் போட்டோமாக் ஆற்றின் மேல் ஒரு கிலோமீட்டர் அளவுக்குப் பறக்கவிட்டார். அது உண்மையிலேயே பெரிய சாதனை. அதன் அடிப்படையில் 1898-இல் அமெரிக்கப் போர்த்துறை அவருக்கு 50,000 டாலர் வழங்கியது. வெற்றி பெற்ற மாதிரியைப் பெரிதாக்கி, வலுவான எஞ்சினைப் பொருத்தி, ஒரு மனிதரை உட்காரவைத்தால் போதும் என்பது அவருடைய திட்டம்.

மற்றொரு பிரிவினர், எஞ்சினைத் தொடும் முன் காற்றில் இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கருதினார்கள். அவர்களில் தலைசிறந்தவர் ஜெர்மனியின் ஓட்டோ லிலியன்தால். 1889-இல் பறவைகளின் பறத்தலை ஆராய்ந்து, தாம் அளந்தறிந்த விசைகளின் அட்டவணையோடு ஒரு நூலை வெளியிட்ட அவர், 1891 முதல் தாமே கட்டிய கிளைடர்களில், அதாவது எஞ்சின் இல்லாமல் காற்றில் சறுக்கிச் செல்லும் ஊர்திகளில், குன்றுகளிலிருந்து பாய்ந்து சுமார் 2,000 முறை பறந்தார். அவருடைய புகைப்படங்கள் உலகெங்கும் இதழ்களில் வெளிவந்தன. மனிதன் இறக்கையில் தொங்கிப் பறக்கும் காட்சியை உலகம் முதன்முதலில் கண்ணால் பார்த்தது அவற்றில்தான். லிலியன்தால் தம் உடலை இடமும் வலமும், முன்னும் பின்னும் அசைத்துச் சமநிலை காத்தார். 1896 ஆகஸ்ட் 9 அன்று திடீர்க் காற்றில் கிளைடர் நிலைகுலைந்து விழுந்ததில் முதுகெலும்பு முறிந்து, மறுநாள் இறந்தார். வயது 48.

இந்த மரணச் செய்தி ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்த இருவரின் கவனத்தை ஈர்த்தது.

டேட்டன் சகோதரர்களின் கேள்வி

வில்பர் 1867-இலும் ஆர்வில் 1871-இலும் பிறந்தவர்கள். தந்தை மில்டன் ஒரு கிறித்தவச் சபையின் பேராயர். கைவேலையில் தேர்ந்தவரான தாய் சூசன், வீட்டுக்கு வேண்டிய சிறு கருவிகளைத் தாமே செய்யக்கூடியவர். மகன்களில் இந்த இருவருமே உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெறவில்லை. முதலில் அச்சகம் நடத்தினார்கள். 1892-இல் சைக்கிள் கடை தொடங்கினார்கள். 1896 முதல் தாங்களே சைக்கிள்களைத் தயாரித்து விற்றார்கள். விமான ஆய்வுக்கான செலவு முழுவதும் இந்தக் கடையின் வருமானத்திலிருந்தே வந்தது.

1899 மே 30 அன்று வில்பர் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பறத்தல் பற்றி இதுவரை வெளிவந்த நூல்களின் பட்டியலும் வெளியீடுகளும் வேண்டும் என்பது கோரிக்கை. தாம் இத்துறையில் ஆர்வம் மிக்கவர் என்றும், சொந்தக் கோட்பாடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு அலையும் பித்தர் அல்லர் என்றும், ஏற்கெனவே அறியப்பட்டதைக் கற்றுக்கொண்டு எதிர்காலத்தில் வெற்றி பெறப்போகும் யாரோ ஒருவருக்குத் தம்மால் இயன்ற சிறு பங்களிப்பைச் செய்யவே விரும்புவதாகவும் அதில் குறிப்பிட்டார். கண்டுபிடிப்பாளர் என்றால் எல்லாவற்றையும் வெறுமையிலிருந்து படைப்பவர் என்று எண்ணுகிறவர்கள் இந்தக் கடிதத்தைக் கவனிக்க வேண்டும். அவருடைய முதல் வேலை, தமக்கு முன் நடந்தவற்றைப் படிப்பது.

படித்து முடித்தபோது அவர்கள் வந்தடைந்த முடிவுதான் இக்கதையின் மையம். இறக்கையைப் பற்றி ஓரளவு தெரிந்துவிட்டது. பெட்ரோல் எஞ்சின்கள் ஆண்டுதோறும் மேம்பட்டு வருவதால் உந்துவிசையும் விரைவில் கிடைத்துவிடும். யாரும் தீர்க்காமல் விட்டது சமநிலையும் திருப்புதலும்தான். 1901 செப்டம்பரில் சிகாகோவில் பொறியாளர்கள் சங்கத்தில் வில்பர் ஆற்றிய உரையில், இந்த ஒன்று தீர்ந்துவிட்டால் பறக்கும் இயந்திரங்களின் காலம் வந்துவிட்டது என்றே கொள்ளலாம், மற்ற தடைகள் எல்லாம் ஒப்பீட்டளவில் சிறியவை என்று சொன்னார். லிலியன்தால் ஐந்து ஆண்டுகளில் 2,000 முறை பாய்ந்தும், உண்மையில் காற்றில் இருந்த நேரத்தைக் கூட்டினால் ஐந்து மணி நேரம்தான் வரும் என்ற அவருடைய கணக்கும் அந்த உரையில்தான் வருகிறது. எந்தக் கலையையும் ஐந்து மணி நேரப் பயிற்சியில் பழக முடியாது; ஆகவே நீண்ட நேரம் ஆபத்தில்லாமல் பழகுவதற்கு வழி தேட வேண்டும் என்பது அவர் கண்ட பாடம்.

இங்கே சைக்கிள் ஓட்டிய அனுபவம் அவர்களுக்கு உதவியிருக்க வேண்டும் என்று பலரும் கருதுவதை நானும் ஏற்கிறேன். சைக்கிள் தானாக நிற்காது. ஓட்டுபவர் ஒவ்வொரு கணமும் சிறு சிறு திருத்தங்களைச் செய்துகொண்டே இருப்பதால்தான் அது விழாமல் ஓடுகிறது. வளைவில் திரும்பும்போது ஒரு பக்கம் சாய்ந்தே திரும்புகிறது. அன்று மற்ற ஆய்வாளர்களில் பெரும்பாலோர், கைவிட்டாலும் தானே நிலைத்து நிற்கும் விமானத்தைத் தேடினார்கள். கப்பலைப் போலத் தட்டையாகவே திரும்பும் என்று எண்ணினார்கள். ரைட் சகோதரர்களோ, விமானி இடைவிடாமல் ஆள வேண்டிய, திரும்பும்போது சாய வேண்டிய ஊர்தியாகவே அதை முதலிலிருந்தே கருதினார்கள்.

அதற்கு வழி என்ன? உடலை அசைத்துச் சமன் செய்யும் லிலியன்தாலின் முறை பெரிய இயந்திரத்துக்குப் பயன்படாது. பறவைகள் இறக்கை நுனியின் கோணத்தை மாற்றிச் சமநிலை பெறுவதை வில்பர் கவனித்திருந்தார். 1899 கோடையில் ஒரு நாள், கடையில் சைக்கிள் டியூப் வந்த நீள்சதுர அட்டைப்பெட்டியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தபோது, அதன் இரு முனைகளும் எதிரெதிர்த் திசையில் முறுகுவதைக் கண்டார். மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கைகளைக் கம்பிகளால் கட்டி இதைப் போலவே முறுக்கினால், ஒரு பக்கம் கோணம் கூடித் தூக்கு விசை அதிகரிக்கும், மறுபக்கம் குறையும், ஊர்தி சாயும். உடனே ஒரு காத்தாடியைக் கட்டி, அதைத் தரையிலிருந்தே கயிறுகளால் முறுக்கிச் சோதித்தார்கள். எண்ணம் சரியாக இருந்தது.

அச்சிட்ட எண்ணை நம்பாமை

சோதனைக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் கிட்டி ஹாக். அமெரிக்க வானிலைத் துறையின் பதிவுகளைப் பார்த்தும், அங்குள்ளவர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டும் அதைத் தெரிவு செய்தார்கள். நிலையான கடற்காற்று, விழுந்தால் அடிபடாத மணல், மரங்களில்லாத வெளி, வேடிக்கை பார்க்கும் கூட்டமின்மை ஆகியவை அங்கே இருந்தன. 1900-இல் கொண்டுபோன கிளைடர், கணக்கிட்டதைவிடக் குறைவாகவே தூக்கியது. 1901-இல் மிகப் பெரிய இறக்கையோடு போனார்கள். அதுவும் எதிர்பார்த்ததைவிட வெகு குறைவாகவே தூக்கியது. சில வேளைகளில் இறக்கையை முறுக்கினால் ஊர்தி எதிர்த்திசையில் சுழன்றது. ஊர் திரும்பும் ரயிலில், தங்கள் வாழ்நாளில் மனிதன் பறக்கப்போவதில்லை என்று சொல்லும் அளவுக்கு வில்பர் மனம் தளர்ந்திருந்தார்.

எனக்கு இக்கதையில் மிகப் பெரிதாகத் தோன்றுவது அடுத்து வந்த மாதங்கள்தான். 1903-இன் அந்த 12 நொடிகளைவிடவும் பெரிதாகத் தோன்றுகின்றன. ஊர்தி தூக்கவில்லை என்றால் வழக்கமாக ஒருவர் என்ன செய்வார்? இறக்கையை இன்னும் பெரிதாக்குவார், வளைவை மாற்றுவார், மீண்டும் முயல்வார். சகோதரர்களோ தாங்கள் பயன்படுத்திய கணக்கையே சந்தேகித்தார்கள். அந்தக் கணக்கில் இரண்டு பகுதிகள் இருந்தன: ஒன்று லிலியன்தாலின் அட்டவணை; மற்றொன்று, காற்று ஒரு பரப்பின் மேல் எவ்வளவு அழுத்தும் என்பதைக் குறிக்கும் மாறிலி. ஜான் ஸ்மீட்டன் என்ற ஆங்கிலப் பொறியாளரின் பெயரால் வழங்கிய அந்த மாறிலிக்கு, நூறாண்டுகளுக்கும் மேலாக 0.005 என்ற மதிப்பே நூல்களில் அச்சிடப்பட்டு வந்தது.

முதலில் ஒரு சைக்கிளின் முன்பக்கத்தில் மூன்றாவது சக்கரம் ஒன்றைப் படுக்கைவாட்டில் பொருத்தி, அதில் சிறு இறக்கையையும் தட்டையான தகட்டையும் வைத்து, வேகமாக மிதித்து எது எதை வெல்கிறது என்று பார்த்தார்கள். பிறகு ஆறு அடி நீளமுள்ள ஒரு மரப்பெட்டியைச் செய்து, ஒரு முனையில் விசிறியை வைத்து, காற்றுச் சுரங்கம் ஒன்றை அமைத்தார்கள். உள்ளே, சைக்கிள் ஆரக்கம்பியும் ரம்பத் தகடும் கொண்டு செய்த நுண்ணிய தராசுகள் தூக்கு விசையையும் தடையையும் ஒப்பிட்டு அளந்தன. தகட்டை வெட்டியும் மெழுகு பூசியும் செய்த ஏறத்தாழ 200 சிறு இறக்கை மாதிரிகளை 1901 இறுதியில் அவர்கள் சோதித்தார்கள்.

முடிவுகள் இரண்டு விதத்தில் வியப்பளித்தன. தாங்கள் சந்தேகித்த லிலியன்தாலின் அட்டவணை, அவர் பயன்படுத்திய இறக்கை வடிவத்துக்குப் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. பிழை அந்த மாறிலியில் இருந்தது. அதன் உண்மையான மதிப்பு 0.0033-ஐ ஒட்டியது. அதாவது, நூலை நம்பிக் கணக்கிட்டவர் உண்மையைவிட ஒன்றரை மடங்கு தூக்கு விசையை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். அத்துடன், ஒரே பரப்பளவுள்ள இறக்கைகளில் குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதைவிட நீளமாகவும் குறுகலாகவும் இருப்பது திறன் மிக்கது என்பதும் தெளிவானது. லிலியன்தாலை அவர்கள் தங்கள் முன்னோடிகளில் முதன்மையானவராக மதித்தார்கள். அந்த மதிப்பு அவருடைய எண்களைச் சோதிப்பதிலிருந்து அவர்களைத் தடுக்கவில்லை. சோதித்த பிறகு அவர் பக்கம் இருந்த நியாயத்தை ஒப்புக்கொள்வதிலிருந்தும் தடுக்கவில்லை.

1902-இன் கிளைடர் இந்த அளவீடுகளின் பிள்ளை. இறக்கையின் நீளம் சுமார் 9.75 மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டர். அது கணக்கிட்டபடியே தூக்கியது. மீதமிருந்தது அந்த எதிர்த்திசைச் சுழற்சி. அதன் காரணத்தை இப்படிப் புரிந்துகொள்ளலாம்: இறக்கையை முறுக்கும்போது எந்தப் பக்கத்தில் தூக்கு விசை கூடுகிறதோ அந்தப் பக்கத்தில் காற்றுத் தடையும் கூடுகிறது, ஆகவே உயர வேண்டிய பக்கம் பின்னுக்கு இழுக்கப்பட்டு, ஊர்தியின் மூக்கு தவறான திசையில் திரும்புகிறது. இதைத் தடுக்கப் பின்னால் நிலையான வால் ஒன்றை வைத்தார்கள்; போதவில்லை. ஓர் இரவு தூக்கம் வராமல் யோசித்த ஆர்வில், அந்த வாலை அசையக்கூடிய சுக்கானாக மாற்றலாம் என்றார். வில்பர் அதை இறக்கை முறுக்கும் கம்பிகளோடே இணைத்துவிடலாம் என்று சேர்த்தார். இதனால் மூக்கை மேலும் கீழும் அசைத்தல், இறக்கையை இடமும் வலமும் சாய்த்தல், மூக்கை இடமும் வலமும் திருப்பல் என்ற மூன்று அச்சுகளிலும் ஊர்தி விமானியின் கைக்கு வந்தது. அந்தப் பருவத்தில் அவர்கள் 700 முதல் 1,000 முறை வரை பறந்தார்கள். மிக நீண்ட பறத்தல் 190 மீட்டர்.

1903 மார்ச்சில் அவர்கள் விண்ணப்பித்த காப்புரிமை இந்தக் கிளைடரின் கட்டுப்பாட்டு முறைக்கே உரியது. விமானத்தின் தாய்க் காப்புரிமை என்று சொல்லத்தக்க அந்த ஆவணத்தின் வரைபடத்தில் எஞ்சினே இல்லை. தாங்கள் எதைக் கண்டுபிடித்தோம் என்பதில் அவர்களுக்கு எவ்வளவு தெளிவு இருந்தது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்றைக் காட்ட முடியாது.

எஞ்சினும் உந்துவிசிறியும்

எஞ்சின் பகுதியை விரைவாகக் கடந்துவிடலாம், ஏனெனில் அவர்களும் அப்படித்தான் கடந்தார்கள். தேவையான எடையில் எஞ்சின் தர எந்த நிறுவனமும் முன்வராததால், கடையின் தொழிலாளியான சார்லி டெய்லர், அலுமினிய வார்ப்பு உடலோடு ஓர் எஞ்சினை ஆறே வாரத்தில் செய்துகொடுத்தார். அது தந்தது 12 குதிரைத்திறன்தான்.

உந்துவிசிறி அப்படி எளிதாக அமையவில்லை. கப்பல் விசிறிகளைப் பற்றிய நூல்களில் கணக்கிடும் வழி கிடைக்கும் என்று தேடியபோது, அங்கே இருந்தது அனுபவக் குறிப்புகள் மட்டுமே, கோட்பாடு இல்லை. பிறகுதான் அவர்கள், உந்துவிசிறி என்பது சுழன்றபடி முன்னேறும் ஓர் இறக்கையே என்று கண்டார்கள். அப்படியானால் காற்றுச் சுரங்கத்தில் எடுத்த அளவுகளையே அதற்கும் பயன்படுத்தலாம். ஆனாலும் விசிறி நகர்கிறது, காற்றும் நகர்கிறது, எங்கிருந்து கணக்கைத் தொடங்குவது என்பதே குழப்பம். இருவரும் மணிக்கணக்கில் உரத்த குரலில் வாதாடினார்கள். கடைசியில் உடன்பாடு வராவிட்டாலும், ஒவ்வொருவரும் மற்றவருடைய கட்சிக்கு மாறியிருப்பதைக் கண்டார்கள் என்று ஆர்வில் பின்னர் எழுதியிருக்கிறார். வாதத்தில் வெல்வதைவிட உண்மையை அறிவது பெரிதென்று இருவரும் கருதினால்தான் இப்படி நடக்கும். குறைந்த பலமுள்ள எஞ்சின் அவர்களுக்குப் போதுமானதாக இருந்ததற்கு, எஞ்சின் பலத்தின் பெரும்பகுதியை வீணாக்காமல் உந்துவிசையாக மாற்றிய அந்த விசிறிகளே முக்கியக் காரணம்.

அதே ஆண்டில் லாங்லியின் பெரிய இயந்திரம் சோதனைக்கு வந்தது. அவருடைய உதவியாளர் சார்லஸ் மான்லி உருவாக்கிய எஞ்சின் 52 குதிரைத்திறன் கொண்டது. அக்காலத்தில் அதற்கு இணையே இல்லை. படகு வீட்டின் கூரையிலிருந்து விசையோடு எறியப்பட்ட அந்த விமானம், 1903 அக்டோபர் 7 அன்றும் டிசம்பர் 8 அன்றும் நேராக ஆற்றில் விழுந்தது. மான்லி உயிர் தப்பினார். பறக்கும் அனுபவமே இல்லாத ஒருவர், காற்றில் ஒருபோதும் ஆளப்பட்டிராத ஓர் ஊர்தியில் ஏறியிருந்தார். பத்திரிகைகள் லாங்லியை இரக்கமின்றி எள்ளின. அது அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே நான் எண்ணுகிறேன். அவர் நேர்மையான அறிவியலாளர். அவருடைய நிறுவனம் அனுப்பிய வெளியீடுகளிலிருந்தே ரைட் சகோதரர்களின் படிப்பு தொடங்கியது. தோல்விக்கு வேர், மாதிரியைப் பெரிதாக்கினால் போதும் என்று எண்ணிய திட்டத்தில் இருந்தது.

ஒன்பது நாள் கழித்து, மணிக்கு 40 கிலோமீட்டரை ஒட்டிய குளிர்காற்றில், கிட்டி ஹாக்கில் நான்கு முறை பறந்தார்கள். நான்காவது முறை வில்பர் 59 நொடிகளில் 260 மீட்டர் கடந்தார். அவர்கள் அத்தோடு வேலை முடிந்ததாகக் கருதவில்லை. 1904-இலும் 1905-இலும் டேட்டனுக்கு அருகே ஹஃப்மன் பிரெய்ரி என்ற மேய்ச்சல் நிலத்தில் தொடர்ந்து பழகினார்கள். 1904 செப்டம்பர் 20 அன்று முதல் முழு வட்டம் அடித்தார்கள். 1905 அக்டோபர் 5 அன்று வில்பர் 39 நிமிடங்கள் இடைவிடாமல் பறந்து சுமார் 39 கிலோமீட்டர் கடந்தார். நடைமுறைக்கு உதவும் முதல் விமானம் என்று சொல்ல வேண்டியது இந்த 1905-ஆம் ஆண்டு விமானத்தைத்தான்.

கண்டுபிடிப்பு யாருடையது?

இதுவரை பார்த்த கண்ணோட்டம், ஒரு சிக்கலை எப்படித் தீர்ப்பது என்பதைப் பற்றியது. தீர்த்த பிறகு அதை என்ன செய்வது என்பதில் முன்னோடிகளிடையே ஆழமான கருத்து வேறுபாடு இருந்தது.

ஆஸ்திரேலியாவில் லாரன்ஸ் ஹார்கிரேவ் என்பவர் 1893-இல் பெட்டிக் காத்தாடியை உருவாக்கினார். அறிவு எல்லோருக்கும் பொது என்ற கொள்கையால் அவர் எதற்கும் காப்புரிமை பெறாமல், அனைத்தையும் அறிவியல் கழக இதழ்களில் வெளியிட்டார். அமெரிக்காவில், ரயில் பாலங்கள் கட்டிப் புகழ் பெற்ற ஆக்டேவ் ஷனூட் 1894-இல் பறத்தல் முயற்சிகளைத் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டதோடு, உலகின் பல மூலைகளிலிருந்த ஆர்வலர்களைக் கடிதங்களால் இணைத்தார். பாரிஸில் வாழ்ந்த பிரேசில் நாட்டவரான அல்பெர்த்தோ சாந்தோஸ் துமோன், 1901-இல் தமது வான்கப்பலில் ஈஃபில் கோபுரத்தைச் சுற்றி வந்து வென்ற பரிசுப் பணத்தை அந்நகரின் ஏழைகளுக்கும் தம் பணியாளர்களுக்கும் பகிர்ந்தளித்தார். பின்னர் தமது சிறிய ‘தெமுவாசெல்’ விமானத்தின் வரைபடங்களை யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். 1906 நவம்பர் 12 அன்று பாரிஸில் மக்கள் முன்னிலையில் 220 மீட்டர் பறந்த அவருடைய விமானத்தின் இறக்கைகள், ஹார்கிரேவின் பெட்டிக் காத்தாடி வடிவத்தைக் கொண்டவை. பகிர்ந்த அறிவு கடல் கடந்து பறந்ததற்கு அது நேரடிச் சான்று.

ரைட் சகோதரர்களின் நிலைப்பாடு வேறு. தொடக்கத்தில் அவர்களும் தாராளமாகவே பேசினார்கள். வில்பரின் சிகாகோ உரை அச்சில் வெளிவந்தது, ஷனூட் அவர்களின் முகாமுக்கே வந்து தங்கினார். கட்டுப்பாடு கைகூடிய பிறகு அவர்கள் கதவை அடைத்துக்கொண்டார்கள். 1905 அக்டோபரிலிருந்து 1908 மே வரை ஒருமுறைகூடப் பறக்கவில்லை. ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் விமானத்தைக் காட்டவும் மறுத்தார்கள். தங்கள் சொந்தப் பணத்தாலும் உயிரைப் பணயம் வைத்தும் பெற்ற அறிவு இது, இதற்கு உரிய விலை கிடைக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் உண்டு. லாங்லிக்கு அரசு 50,000 டாலர் கொடுத்தது, இவர்களுக்கு ஒரு காசும் கொடுக்கவில்லை. ஆனால் இந்த மௌனத்தால், பாரிஸில் பலர் இவர்களைப் பொய்யர்கள் என்றே நினைத்தார்கள். 1908 ஆகஸ்ட் 8 அன்று பிரான்சின் லெ மான் அருகே வில்பர் வானில் சாய்ந்து வட்டமடித்துக் காட்டிய பிறகுதான் அந்த ஐயம் ஒரே நாளில் தீர்ந்தது. பார்த்தவர்களில் லூயி பிளேரியோவும் ஒருவர். மறு ஆண்டு ஜூலை 25 அன்று ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் முதலில் கடந்தவர் அவர்தான்.

1909-இல் அவர்கள், இறக்கையின் ஓரத்தில் கீல் வைத்த மடல்களைப் பயன்படுத்திய அமெரிக்க விமானத் தயாரிப்பாளர் கிளென் கர்ட்டிஸ் மீது வழக்குத் தொடுத்தார்கள். மடலும் முறுக்கும் கருவியளவில் வேறானவை. இரு பக்கத்துத் தூக்கு விசையையும் வேறுபடுத்திச் சாய்க்கும் கொள்கை ஒன்றே, அந்தக் கொள்கை தங்களுடையது என்பது அவர்கள் நிலை. 1914-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆனால் இந்த வழக்குகளால் ஷனூட்டின் நட்பு முறிந்தது. கொடுத்துப் பெற்ற அறிவை முழுவதும் சொந்தம் கொண்டாடுவது முறையன்று என்பது அந்த முதியவரின் வருத்தம். இறக்கை முறுக்கலையும் அதனோடு இணைந்து இயங்கும் சுக்கானையும் கண்டவர்கள் இவர்களே என்பதில் எனக்கு ஐயமில்லை. இருந்தாலும், ஷனூட்டின் வருத்தத்தை வெறும் மனத்தாங்கல் என்று ஒதுக்கவும் என்னால் முடியவில்லை. 1899-இல் வில்பர் எழுதிய அந்தக் கடிதமும் பிறர் தாராளமாக வெளியிட்ட அறிவைக் கேட்டு எழுதப்பட்டதுதான்.

இந்த வழக்குகளுக்கு வில்பர் கொடுத்த விலை பெரிது. 1910-க்குப் பிறகு அவருடைய காலம் வழக்கறிஞர்களோடும் சாட்சியங்களோடும் கழிந்தது. புதிய சோதனைகளுக்கு நேரமே இல்லாமல் போயிற்று. 1912 ஜனவரியில் எழுதிய ஒரு கடிதத்தில், இந்தக் காலத்தைச் சோதனைகளில் செலவிட்டிருந்தால் எவ்வளவு சாதித்திருக்கலாம் என்று எண்ணும்போது துயரமாக இருக்கிறது என்றும், மனிதர்களோடு மல்லுக்கட்டுவதைவிடப் பொருள்களோடு மல்லுக்கட்டுவது எப்போதும் எளிது என்றும் குறிப்பிட்டார். அதே ஆண்டு மே 30 அன்று டைபாய்டு காய்ச்சலால், 45-ஆம் வயதில் இறந்தார். ஆர்வில் 1915-இல் நிறுவனத்தை விற்றுவிட்டார். முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கிய 1917-இல், அந்நாட்டின் விமானிகளுக்கு ஐரோப்பிய விமானங்களையே நம்பியிருக்க வேண்டிய நிலை இருந்தது. அரசின் வற்புறுத்தலால் அவ்வாண்டு விமானத் தயாரிப்பாளர்கள் ஒரு சங்கம் அமைத்து, ரைட், கர்ட்டிஸ் இருவரின் காப்புரிமைகளையும் ஒரே தொகுப்பில் சேர்த்தார்கள். உறுப்பினராகச் சேர்ந்து, கட்டும் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு குறிப்பிட்ட தொகையைச் செலுத்தினால், எந்தத் தயாரிப்பாளரும் இரண்டையும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றானது.